அரை மணித்தியாலம்: ‘ஸ்லீப்’ கட்டளையும் கொழும்பின் மணிக்கூடுகளும்

1996 மே 24, வெள்ளிக்கிழமை இரவு. பன்னிரண்டு ஆக வேண்டிய நேரத்தில் இலங்கையின் மணிக்கூடுகள் ஒரு மணிக்குப் போயின. மழை பெய்யவில்லை, நீர்த்தேக்கங்கள் வற்றிக் கிடந்தன, நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாட்டில் கரண்ட் போதவில்லை. மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினால் பின்நேர வெளிச்சம் கூடும், இரவில் லைட் போடுகிற நேரம் குறையும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. அந்த ஒரு இரவில் மட்டும் 12 மணிக்கும் 1 மணிக்கும் இடைப்பட்ட நேரம் இந்த நாட்டில் வரவேயில்லை.

இப்போது சும்மா ஒரு கற்பனை செய்து பார்ப்போம். அன்றிரவு 11.30க்கு, கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற ஏதோ ஒரு ஒஃபிஸில், ஒரு கொம்பியூட்டருக்கு இரண்டு வேலைகள் கொடுக்கப்படுகின்றன. முதலாவது: “ஒரு மணித்தியாலம் பொறுத்து இந்தக் கோப்புகளைப் பிரதி எடு.” இரண்டாவது: “நிமிடத்துக்கு ஒருக்கால் மணிக்கூட்டைப் பார், 12.30 என்று காட்டினால் இந்தக் கணக்கை அச்சடி.” முதல் வேலை ஒழுங்காக நடக்கும். சுவர் மணிக்கூடு 1.30 என்று காட்டும், ஆனால் கடந்தது சரியாக ஒரு மணித்தியாலம்தான். இரண்டாவது வேலை நடக்காது. அன்றைக்கு 12.30 என்ற ஒரு நேரமே இல்லையே!

ஒரேமாதிரித் தெரிகிற இரண்டு காத்திருப்புகள் இவை. ஆனால் ஒன்று கடந்துபோகிற நேரத்தை எண்ணுகிறது, மற்றது அறிவிக்கப்பட்ட நேரத்தை நம்பியிருக்கிறது. எங்கட தலைமுறை, அதாவது 1996க்கும் 2006க்கும் இடையில் கொழும்பில் பிறந்த நாங்கள், இந்த வித்தியாசத்துக்குள்ளேயே பிறந்தவர்கள். எப்படி என்று சொல்வதற்கு முதல், அந்த முதல் காத்திருப்பின் கதையைப் பார்ப்போம். ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு அது பழகிய பெயர்: ‘ஸ்லீப்’.

கொண்டக்டரிடம் சொல்லிவிட்டு நித்திரை கொள்வது

ஷெல் என்பது நாங்கள் டைப் பண்ணுகிற கட்டளைகளை வாங்கி இயக்குகிற நிரல். அந்தக் கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட். கொம்பியூட்டர் ஒன்று முடிய மற்றது என்று மூச்சுவிடாமல் செய்துகொண்டு போகும். நடுவில் “கொஞ்சம் பொறு” என்று சொல்ல வேண்டுமென்றால் ‘ஸ்லீப்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு எண் போட வேண்டும். ‘ஸ்லீப் 10’ என்றால் பத்துச் செக்கன். அது முடிந்த பிறகுதான் அடுத்த வரி ஓடும்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு வரலாறா என்று கேட்பீர்கள். இருக்கிறது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ், ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்து பாவிப்பதற்கான இயங்குதளமாக வளர்ந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நிரல் காத்திருக்க வேண்டுமென்றால் என்ன செய்யும்? ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடிவரைக்கும் எண்ணிக்கொண்டிருக்கலாம். ஆனால் அது காத்திருப்பு இல்லை, மற்றவர்களின் வேலையையும் கெடுத்துக்கொண்டு சும்மா ஓடுவது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குக்கூட இயங்குதளத்தின் உதவி தேவை.

‘ஸ்லீப்’ கேட்பது அந்த உதவியைத்தான். யாழ்ப்பாணம் போகிற இரவு பஸ்ஸில் கொண்டக்டரிடம் “அண்ணை, ஒரு மணித்தியாலத்தில எழுப்பிவிடுங்கோ” என்று சொல்லிவிட்டு நித்திரை கொள்கிறவரைப் போல, நிரல் தன்னை ஓரமாக வைக்கச் சொல்கிறது. அதன்பிறகு அதற்கு இயந்திரத்தின் நேரம் எதுவும் செலவாகாது. குறித்த செக்கன்கள் கடந்ததும் எழுப்பி விடுவார்கள். 1973இல் வந்த யூனிக்ஸின் நான்காம் பதிப்பிலேயே இந்தக் கட்டளை இருந்தது. 1979இன் ஏழாம் பதிப்பில் இதைச் செய்த விதமும் எளிமையானதுதான்: ஒரு அலாரம் வை, அது அடிக்கும்வரை அசையாதே.

அந்த ஏழாம் பதிப்பின் கையேட்டில் ‘ஸ்லீப்’புக்கு ஒரு சின்னப் பக்கம் இருக்கிறது. அதிலுள்ள உதாரணங்களில் ஒன்று 105 செக்கன் பொறுத்து ஒரு கட்டளையை ஓடவைப்பது. இன்னொன்று, 37 செக்கனுக்கு ஒருக்கால் ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓடவைப்பது. ஏன் 105, ஏன் 37 என்று கையேடு சொல்வதில்லை. குறைகள் என்ற தலைப்பில் ஒரேயொரு விஷயம்: எண் 65,536க்குக் குறைவாக இருக்க வேண்டும். அதாவது 18 மணித்தியாலம் 12 நிமிடம் 16 செக்கன். அந்த நாளில் ஒரு முழுநாள் தூங்கவைக்க இரண்டு ‘ஸ்லீப்’ தேவைப்பட்டது.

இன்றைக்கு லினக்ஸில் இருக்கிற ‘ஸ்லீப்’ நிமிடம், மணித்தியாலம், நாள் எல்லாம் ஏற்றுக்கொள்ளும், அரைச் செக்கனையும் ஏற்றுக்கொள்ளும், முடிவிலிவரைக்கும் தூங்கு என்றாலும் தூங்கும். வேலை மட்டும் அதே வேலை. நெட் விழுந்தால் ஐந்து செக்கன் பொறுத்துத் திரும்ப முயற்சி செய்; அதுவும் சரிவரவில்லையென்றால் பத்து, பிறகு இருபது என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போ. நூலகம் மாதிரி நன்கொடையில் ஓடுகிற எண்ணிம நூலகத்திலிருந்து பழைய பத்திரிகைகளை ஸ்கிரிப்ட் போட்டு இறக்குகிறீர்களா? ஒவ்வொரு கோப்புக்கும் நடுவில் சில செக்கன் ‘ஸ்லீப்’ போடுவது மரியாதை. இல்லாவிட்டால் உங்கள் ஒருவருக்காக மற்ற வாசகர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டிவரும்.

கண்டியில் ஒரு செப்புக் கிண்ணம்

இவ்வளவு நேரம் பொறு, பிறகு செய், திரும்பப் பொறு, திரும்பச் செய். இந்த முறை யூனிக்ஸோடு வந்தது இல்லை. எங்கட தீவிலேயே அதைப் பார்த்து எழுதி வைத்த ஒருவர் இருக்கிறார்.

ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பற்காரர் 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் கிட்டத்தட்ட 20 வருஷம் கைதியாக இருந்தார். 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தரின் கோட்டையைச் சேர்ந்தார். 1681இல் லண்டனில் வெளியான அவருடைய புத்தகத்தில் அரசனிடமிருந்த நேரம் அளக்கும் கருவி ஒன்று வருகிறது. அது ஒரு செப்புக் கிண்ணம். அடியில் மிகச் சிறிய ஓட்டை. மண்பானைத் தண்ணீரில் அதை மிதக்க விடுவார்கள். ஓட்டைவழியே தண்ணீர் ஏறி, நிறைந்ததும் கிண்ணம் தாண்டுபோகும். எடுத்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, திரும்ப மிதக்க விடுவார்கள். ஒருமுறை தாழ்ந்தால் ஒரு ‘பெய’. ஒரு நாளுக்கு 60 ‘பெய’. சிங்களத்தில் இன்றைக்கு மணித்தியாலத்தைக் குறிக்கிற அதே சொல் முன்பு 24 நிமிடத்தைக் குறித்தது.

24 நிமிடம் என்றதும் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். அதுதான் நாழிகை. கருவி எங்களுக்கு நாழிகை வட்டில். முல்லைப்பாட்டில் அரசனுடைய பாசறைக்குள்ளேயே நீர்க் கருவி பார்த்து நேரம் சொல்கிற ஆட்கள் வருகிறார்கள். தமிழில் வட்டில், சிங்களத்தில் கிண்ணம், யூனிக்ஸில் ‘ஸ்லீப் 1440’. வேலை ஒன்றுதான்.

வட்டிலின் குணங்களும் ‘ஸ்லீப்’பின் குணங்களும்கூட ஒன்றே. இரண்டுக்கும் இப்போது எத்தனை மணி என்று தெரியாது, எவ்வளவு கடந்தது என்று மட்டும் தெரியும். இரண்டிலும் ஒரே பிழை மெல்லமெல்லச் சேரும். தாழ்ந்த கிண்ணத்தை எடுத்துத் திரும்ப வைக்கப் பிந்துகிற நேரம் ஒவ்வொரு சுற்றிலும் கணக்கில் வராமல் போகும். ஸ்கிரிப்டிலும் இதேதான். மணித்தியாலத்துக்கு ஒருக்கால் வேலை செய்யட்டும் என்று ‘ஸ்லீப் 3600’ஐ ஒரு சுழற்சிக்குள் வைத்து, வேலைக்கு 20 செக்கன் பிடிக்கிறது என்று வையுங்கள். ஒரு நாள் முடிய எட்டு நிமிடம் பின்தங்கியிருப்பீர்கள்.

அதனால்தான் வட்டிலை மட்டும் நம்பாமல் சூரியனைப் பார்த்துச் சரிசெய்ய ஆட்கள் தேவைப்பட்டார்கள். அங்கேதான் இரண்டாவது வகைக் காத்திருப்பு தொடங்குகிறது. கொண்டக்டரிடம் “மூன்று மணிக்கு எழுப்புங்கோ” என்று சொல்வது. கொண்டக்டரின் கையில் இருக்கிற மணிக்கூட்டை யார் சரிசெய்கிறார்கள் என்பது இப்போது முக்கியமான கேள்வி.

கொழும்பின் மணி யாருடைய மணி?

சூரியன் உச்சிக்கு வருவது 12 மணி என்று வைத்தால், கொழும்பு கிரீனிச்சை விட 5 மணித்தியாலம் 19 நிமிடம் 24 செக்கன் முந்தி நிற்கிறது. 1906இலிருந்து இலங்கையின் பொது நேரம் ஐந்தரை மணித்தியாலம் என்றாகி, இந்தியாவோடு ஒன்றானது. அன்றிலிருந்தே சுவர் மணிக்கூடு கொழும்புச் சூரியனை விடப் பத்து நிமிடம் விரைவு.

பிறகு போர் வந்தது. 1942 ஜனவரியில் மணிக்கூடு அரை மணித்தியாலம் முன்னுக்குப் போனது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று காலை ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்கியபோது, பக்கத்திலிருந்த கொட்டாஞ்சேனை இந்தப் போர்க்கால நேரத்தில்தான் வாழ்ந்துகொண்டிருந்தது. அதே வருஷம் செப்டெம்பரில் இன்னும் அரை மணித்தியாலம். 1945 ஒக்டோபரில் எல்லாம் பழையபடி.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு 1996. மே மாதம் ஒரேயடியாக ஆறரை மணித்தியாலத்துக்குத் தாவினார்கள். ஒக்டோபர் 26, அதிகாலை 12.30க்கு அரை மணித்தியாலம் பின்வாங்கி, ஆறு மணித்தியாலத்தில் நின்றார்கள். அது பத்து வருஷம் நீடித்தது. 2006 சித்திரைப் புத்தாண்டு இரவு, ஏப்ரல் 15 பிறந்து அரை மணித்தியாலம் ஆனபோது, மணிக்கூடு திரும்ப 12க்குப் போனது. மீண்டும் ஐந்தரை.

அந்த இரவில் 12.00 முதல் 12.30 வரையான அரை மணித்தியாலம் இரண்டு தரம் வந்தது. 12.15க்கு ஓட வேண்டும் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வேலை, விவரமில்லாத நிரலாக இருந்தால், இரண்டு தரம் ஓடியிருக்கும். ‘ஸ்லீப் 1800’ போட்டு 12.10க்குத் தூங்கப்போன ஸ்கிரிப்ட் சரியாக அரை மணித்தியாலம் தூங்கி எழும்பியிருக்கும். எழும்பும்போது மணி 12.10!

இந்தக் குழப்பம் கொம்பியூட்டர்களுக்கு மட்டும் வரவில்லை. கொட்டாஞ்சேனையை எடுத்துக்கொள்ளுங்கள். சாந்த லூசியா பேராலயம், பொன்னம்பலவாணேசர் கோயில், பள்ளிவாசல்கள் எல்லாம் நடந்துபோகிற தூரத்தில். தேவாலயத்தின் காலைப் பூசை மணிக்கூட்டைப் பார்ப்பது. ஆறு மணிப் பூசை ஆறு மணிக்கே நடக்கும், ஆனால் 1996 யூனில் அந்த ஆறு மணி சூரியனுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி, இருட்டில். பள்ளிவாசலின் தொழுகை சூரியனைப் பார்ப்பது. பாங்கு சொல்கிற பொழுது மாறாது, அதற்கு எழுதுகிற எண் ஒரு மணித்தியாலம் கூடும். கோயிலில் பஞ்சாங்கம். வெள்ளிக்கிழமை ராகுகாலம் 10.30 முதல் 12 வரை என்று எல்லோருக்கும் மனப்பாடம். அது காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிறது என்ற கணக்கில் வந்த எண். அந்த ஆறரை மணித்தியால மாதங்களில் அது 11.30 முதல் 1 மணி வரை. வருஷத் தொடக்கத்திலேயே அச்சாகி வந்த கலண்டர்களுக்கு இது தெரிய வழியில்லை. ஒரே தெருவில் இருந்த மூன்று பேர் “நேரம் மாறிவிட்டதா?” என்ற கேள்விக்கு மூன்று பதில் சொல்லியிருக்கலாம், மூன்றும் சரி.

ஒரு நாடு, இரண்டு மணி

இந்த மாற்றத்தை ஏற்காத ஒரு பகுதியும் இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் 1996க்குப் பிறகும் மணிக்கூட்டைத் தொடவில்லை. அங்கே பழைய ஐந்தரைதான், இந்தியாவோடு ஒத்த நேரம். 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 வீதி திறந்தபோது, கொழும்பிலிருந்து போனவர்கள் ஓமந்தையில் எல்லையைக் கடந்ததும் அரை மணித்தியாலம் பின்னுக்குப் போனார்கள். வரைபடத்தில் வராத எல்லை மணிக்கூட்டில் வந்தது.

இதெல்லாம் எங்கே பதிவாகியிருக்கிறது தெரியுமா? உங்கள் போனுக்குள். உலகத்தின் எல்லா நேர மாற்றங்களையும் தொகுத்து வைத்திருக்கிற நேரவலயத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. 1980களில் ஆர்தர் டேவிட் ஒல்சன் தொடங்கியது, பிறகு போல் எகர்ட் பொறுப்பேற்றது. லினக்ஸ், அண்ட்ரொயிட், ஐபோன் எல்லாம் அதைத்தான் பாவிக்கின்றன. அதில் ‘ஏசியா/கொலம்போ’ என்ற தலைப்பின் கீழ் மேலே நாங்கள் சொன்ன திகதிகள் வரிசையாக இருக்கின்றன. கிளிநொச்சிக்கென்று தனிப் பெயர் இல்லை. தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கிறவர்கள் கொல்கத்தாவின் பெயரைப் பாவிக்கலாம் என்று ஒரு குறிப்பு மட்டும் 2006இல் சேர்க்கப்பட்டது. பத்து வருஷ அரசியல் ஒரு தொழில்நுட்பக் கோப்பின் அடிக்குறிப்பாக உட்கார்ந்திருக்கிறது.

யூனிக்ஸுக்கு இதனால் உள்ளே எந்தக் குழப்பமும் இல்லை. அது 1970 ஜனவரி 1, கிரீனிச் நள்ளிரவிலிருந்து செக்கன்களை எண்ணிக்கொண்டே இருக்கிறது. கொழும்பு, கிளிநொச்சி, அரசாங்கம், இயக்கம் எல்லாம் அந்த எண்ணை மனிதருக்குக் காட்டுகிறபோதுதான் வருகின்றன. ‘ஸ்லீப்’ அந்தக் காட்சிக்குப் பின்னால் வேலை செய்வதால்தான் 1996 மே இரவிலும் 2006 ஏப்ரல் இரவிலும் அதற்கு ஒன்றும் நடக்காது.

மனிதர்களுக்கு அப்படியில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளையும் கிளிநொச்சியில் ஒரு பிள்ளையும் 2001இல் ஒரே கணத்தில் பிறந்தார்கள் என்று வையுங்கள். ஒருவரின் கொப்பியில் காலை 6.10, மற்றவரின் கொப்பியில் 5.40. சாதகம் கணிக்கிறபோது லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாறும். அரை மணித்தியாலம் பிசகினால் பலருக்கு லக்கினமே மாறிவிடும். அதனால்தான் கவனமான சாத்திரிமார் இந்தப் பத்து வருஷத்துக்குள் பிறந்த பிள்ளையென்றால் எங்கே பிறந்தது, எந்த நேரம் என்று துருவிக் கேட்பார்கள். சாதகத்தை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் அதை வைத்துச் சம்பந்தம் பேசுகிற ஊரில் இந்த அரை மணித்தியாலம் சின்ன விஷயம் இல்லை.

சாத்திரத்துக்கும் தரவுத்தளத்துக்கும் வேறொரு உறவும் உண்டு. 2011இல் அமெரிக்காவில் சோதிட மென்பொருள் விற்கிற அஸ்ட்ரோலேப் என்ற நிறுவனம், பழைய நேர விவரங்கள் தன்னுடைய உரிமை என்று சொல்லி ஒல்சன் மீதும் எகர்ட் மீதும் வழக்குப் போட்டது. அடுத்த வருஷம் பெப்ரவரியில் வழக்கை வாபஸ் வாங்கியது. அந்தச் சலசலப்பின் நடுவில்தான் தரவுத்தளம் ஐயானா என்ற இணைய நிர்வாக அமைப்பின் கைக்குப் போனது. பிறந்த நேரத்தைச் சரியாக அறிய வேண்டிய தேவை சோதிடர்களுக்கு எல்லோரையும் விட முதலே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எண் இல்லாத காத்திருப்பு

கொண்டக்டரிடம் மூன்றாவது விதமாகவும் சொல்லலாம்: “வவுனியா வந்ததும் எழுப்புங்கோ.” எவ்வளவு நேரம் என்றும் இல்லை, எத்தனை மணிக்கு என்றும் இல்லை. ஒரு விஷயம் நடக்கும்வரைக்கும். ஷெல்லில் இதற்கு வேறொரு கட்டளை இருக்கிறது. அதன் பெயர் ‘வெயிட்’. பின்னணியில் ஓடவிட்ட வேலை முடியும்வரை அது நிற்கும். அதன் பக்கத்தில் செக்கன் கணக்கு எழுதுவதில்லை.

கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் இந்தக் காத்திருப்பு நன்றாகத் தெரியும். போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்கள் இந்த இரண்டு இடங்களின் லொட்ஜுகளில் தங்கி விசாவுக்கு, பாஸ்போட்டுக்கு, வெளிநாட்டிலிருந்து வரப்போகிற ஒரு கோலுக்குக் காத்திருந்தார்கள். ஒரு கிழமை என்று வந்தவர் ஆறு மாதம் இருப்பார். 2007 யூன் 7 அதிகாலை, கொழும்பின் லொட்ஜுகளில் இருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் இருப்பதற்குச் சரியான காரணம் இல்லை என்றார்கள். காத்திருப்பது ஒரு காரணமாக அவர்களுக்குத் தெரியவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குத் தாக்கல் செய்ய, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை நிறுத்தியது.

ஊரடங்குச் சட்டத்துக்குக்கூட ஒரு எண் இருக்கும். காலை ஐந்து மணிவரை என்று ரேடியோவில் சொல்வார்கள். பிறகு நீடிப்பார்கள், ஆனாலும் ஒரு எண் இருக்கும். எண் இல்லாத காத்திருப்பு வேறு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில் நாட்களை எண்ணி எழுதிக்கொண்டே வந்தார்கள். ‘ஸ்லீப்’ எண்ணுவது பூச்சியத்தை நோக்கி இறங்குகிற எண். அவர்கள் எண்ணியது ஏறுகிற எண். ஒன்று இன்னும் எவ்வளவு என்று சொல்கிறது, மற்றது இதுவரை எவ்வளவு என்று சொல்கிறது. எப்போது முடியும் என்பதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு காத்திருக்கிறவரிடம் இல்லை.

கரண்ட் போனால்

‘ஸ்லீப்’பை நாங்கள் புகழ்ந்துகொண்டே போகவில்லை. அதன் பெரிய பலவீனத்தை 2022 காட்டித் தந்தது. டொலர் இல்லை, எண்ணெய் இல்லை என்று மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை போனது. ‘ஸ்லீப்’பின் எண் அந்த நிரல் உயிரோடு இருக்கும்வரைதான் இருக்கும். இரண்டு மணித்தியாலம் தூங்கவைத்து, நாற்பதாவது நிமிடம் கரண்ட் போனால், திரும்ப வந்ததும் அதற்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. இன்னும் ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம் மிச்சம் என்று சொல்ல ஆளில்லை. லினக்ஸ் மடிக்கணினியை மூடி வைத்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான்: மூடியிருந்த நேரம் எண்ணிக்கையில் சேராது, திறந்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ணும். தண்ணீர் ஊற்றுகிற ஆள் போய்விட்டால் வட்டிலும் இப்படித்தான்.

அதனால் நீண்ட காத்திருப்பென்றால், முடிய வேண்டிய நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைப்பது நல்லது. கொழும்பு மணியாக எழுத வேண்டாம், 1970இலிருந்து எண்ணுகிற அந்தச் செக்கன் கணக்காக எழுதுங்கள். ஸ்கிரிப்ட் எழும்பியதும் முதல் வேலையாக அதைப் பார்க்கட்டும். நேரம் மிச்சம் இருந்தால் அவ்வளவுக்கு மட்டும் ‘ஸ்லீப்’, கடந்திருந்தால் உடனே வேலை. மணிக்குச் செய்ய வேண்டிய வேலைகளைக் ‘கிரோன்’ என்ற நேர அட்டவணை நிரலிடம் கொடுங்கள். இன்றைய சில ‘கிரோன்’கள் மூன்று மணித்தியாலத்துக்குக் குறைந்த நேர மாற்றங்களைத் தாங்களே சமாளிக்கும். இன்னொரு வேலை முடிய வேண்டுமென்றால் ‘வெயிட்’ போடுங்கள். “எப்படியும் பத்துச் செக்கனுக்குள் முடிந்துவிடும்” என்று அந்த இடத்தில் ‘ஸ்லீப் 10’ எழுதுவது வெறும் ஊகம். ஒரு நாள் பதினோரு செக்கன் எடுக்கும்.

ஆக, ஒரு ஸ்கிரிப்டில் “பொறு” என்று எழுதுகிறபோது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு நேரமா, இத்தனை மணிக்கா, அது நடக்கும்வரைக்குமா? முதலாவதை யாரும் அறிவித்து மாற்ற முடியாது. இரண்டாவதை ஒரு அரசாங்கம் ஒரு இரவில் மாற்றலாம், மாற்றியும் இருக்கிறது. மூன்றாவது வேறொருவரின் கையில்.

கடைசியாக எங்கட வயதுக்காரர்களிடம் ஒரு விஷயம். 1996 மே 25க்கும் 2006 ஏப்ரல் 14க்கும் இடையில் பிறந்தவர் நீங்கள் என்றால், வீட்டில் உங்கள் பிறந்த நேரம் எழுதி வைத்திருக்கிற கொப்பியை எடுத்துப் பாருங்கோ. பக்கத்தில் எந்த நேரம் என்று எழுதியிருக்காது, அன்றைக்கு அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எழுதியவர்களிடம் கேளுங்கோ: பிறந்த இடத்தில் அப்போது ஆறரையா, ஆறா, ஐந்தரையா? கேட்டு அதையும் பேனையால் பக்கத்தில் எழுதி வையுங்கோ. சொல்வதற்கு அவர்கள் இருக்கிறபோதே.